மல்லித் துவையலும் ஒரு மாத்திரையும்

டாக்டர், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி என்னைப் பொய்க்காரி என்று சொன்னீர்கள். நான் பொய் சொல்லவில்லை. தப்பு உங்களுடையது.

இதை நேரில் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவது வரை படித்தவள். நடந்ததை நடந்தபடி சொல்ல அது போதும்.

எங்களுக்கு இண்டூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். தக்காளி, ராகி, கொத்தமல்லி என்று மாற்றி மாற்றி வைப்போம். சின்ன வயதில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்து போனது. அது மூட்டை விட்டுவிட்டு இதயத்தைப் பிடித்துக்கொண்டது என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைக்கும். சளி என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். தருமபுரியில் உங்கள் கிளினிக்குக்கு வந்த அன்று, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட மாத்திரத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்று சொன்னவர் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயைத் திறந்து கேள்வி கேட்பதுதான் வராது.

பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். வீட்டில் டிவி ஓடாத நேரத்தில் அது டிக் டிக் என்று அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். என் வீட்டுக்காரர் முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்புள்ள, உனக்கு மட்டும் கடிகாரம் வாங்கி மாட்டிக்கிட்ட. எனக்கு ஒண்ணு வாங்கித் தரக்கூடாதா?"

"உங்களுக்கு எதுக்கு மாமா? மணி பாத்து எந்த ஆபீசுக்குப் போறீங்க?"

அந்த உலோகத்தின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது. கட்டினால் வால்வு அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் அந்தக் கட்டி மூளைக்குப் போய்க் கை கால் விழுந்துவிடும். அதற்காக ரத்தம் உறைவதைக் குறைக்கிற மாத்திரை ஒன்றை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அது குறைந்தால் ரத்தம் கட்டும். கூடினால் எங்கேயாவது ரத்தம் கசியும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை ரத்த டெஸ்ட். ஐ.என்.ஆர் என்பார்கள். என் வால்வுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். பெங்களூருக்கு மாதாமாதம் போய்வர முடியாது என்று உங்களிடமே வந்தோம்.

முதல் நாள் நீங்கள் சொன்னது ஒரே ஒரு விஷயம். "கீரையைத் தொடவே கூடாது. தொட்டீன்னா வால்வு அடைச்சுக்கும்." அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. வேறு எதைச் சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கீரையை விடுவது லேசான காரியம் இல்லை. களி கிண்டினால் கீரை கடைந்தாக வேண்டும். ரெண்டு மழை பெய்தால் போதும், விதைக்காமலே காடெல்லாம் கீரை முளைத்துக் கிடக்கும். களை எடுக்கப் போகிற பெண்கள் மடியில் கீரை இல்லாமல் வீடு திரும்ப மாட்டார்கள். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை என்று கலந்துகட்டிப் பறித்து, பச்சை மிளகாயும் பூண்டும் போட்டு வேகவைத்துக் கடைந்தால் வேறு குழம்பு வேண்டாம். அதை விட்டேன். என் கையாலேயே களையோடு சேர்த்துப் பிடுங்கி வரப்பில் போட்டு வாட விட்டேன். வீட்டில் கீரைச் சட்டியே அடுப்பில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் அவர் தம்பி வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருநாள் திரும்பி வந்தவரைப் பார்த்தேன்.

"மாமா, மீசையத் தொடச்சிக்கிட்டு உள்ள வாங்க."

"ஏன், என்னா இருக்குது?"

"பண்ணக்கீரை இருக்குது. தம்பி பொண்டாட்டி உப்பு சரியா போட்டாளா?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை. உயிரோடு இருக்க விலை இது என்றால் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன். டெஸ்ட்டும் சரியாகவே வந்துகொண்டிருந்தது. நீங்களும் மாத்திரையை மாற்றவில்லை.

போன வருடம் அரை ஏக்கரில் கொத்தமல்லி போட்டோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்கவில்லை. பாத்தி பாத்தியாக நாள் தள்ளி விதைத்தால் தொடர்ந்து அறுத்து விற்கலாம் என்று கணக்கு. முதல் பாத்தி அறுப்புக்கு வந்தபோது சுற்றுவட்டாரத்தில் எல்லோர் காட்டிலும் மல்லி. மார்க்கெட்டில் கேட்பாரில்லை. ஆள் வைத்து அறுத்துக் கட்டி வண்டியேற்றினால் அந்தச் செலவுக்கே வராது. மாடு கூட நாலு நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீதியை நாங்கள் தின்றோம்.

துவையல்தான். வறுத்த கடலை, பச்சை மிளகாய், புளி, ரெண்டு கட்டு மல்லி. மிக்சி மூடி திறக்கும்போதே பசிக்கும். காலையில் கூழுக்கு அது. மதியம் களி உருண்டையை அதில் தொட்டுத் தின்போம். மல்லியை வதக்கி அரைத்துக் குழம்பும் வைத்தேன். கீரை இல்லாத நாக்குக்கு அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. ரெண்டு மாதத்துக்கு மேல் அப்படி ஓடியது. ஒரு பாத்தி தீர அடுத்த பாத்தி தயாராக இருந்தது.

எங்கள் வீட்டில் மல்லி கீரைச் சட்டியில் ஏறாது. அது துவையலுக்கு, ரசத்துக்கு, வாசத்துக்கு. நீங்கள் விலக்கச் சொன்னதை நான் விலக்கியிருந்தேன். என் மனதில் துளி சந்தேகம் வரவில்லை.

மல்லி தின்ன ஆரம்பித்த மாத டெஸ்ட்டில் எண் இரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நீங்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு, "கீரை எதாச்சும் சாப்ட்டியாம்மா?" என்றீர்கள். இல்லை என்றேன். மாத்திரையை அரை கூட்டினீர்கள். அடுத்த டெஸ்ட்டில் ஒன்றரை. அன்றைக்குத்தான் அது நடந்தது.

உங்கள் அறைக்குக் கதவு இருக்கிறது, யாரும் சாத்துவதில்லை. வெறும் திரைதான். வெளியே வராந்தாவில் நாற்காலி எல்லாம் நிறைந்து ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் என் செருப்போடு நின்றிருந்தார்.

"கீரை தின்னியா இல்லியா?"

"இல்லீங்க சார்."

"பொய் சொல்லாத. உன் வாய் பொய் சொல்லும், ரத்தம் சொல்லாது."

"சத்தியமா தொடலீங்க சார். எங்க வூட்ல கீரையே ஆக்கறதில்ல."

"மருந்தக் கூட்டிக்கிட்டே போறேன், எறங்கிக்கிட்டே வருது. திருட்டுத்தனமா தின்னுட்டு இங்க வந்து பொய் சொல்ற. நாளைக்கு வால்வு அடைச்சுக்கிச்சுன்னா எங்கிட்ட வராத. உங்கள மாதிரி பொய்க்காரிங்களுக்கு வைத்தியம் பாக்கறது எனக்குத் தேவையா?"

வெளியே பேச்சு நின்றுபோனது. என் வால்வு அடிப்பது எனக்கே பலமாகக் கேட்டது. நீங்கள் மறுபடியும் அரை மாத்திரை கூட்டி எழுதினீர்கள். திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "வாயக் கட்ட முடியலியாட்டம் இருக்குது, பாவம்" என்றாள். அந்தப் பாவம் என்ற சொல் இன்னும் எரிகிறது.

பஸ்ஸில் ஊர் நெருங்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"நான் திட்ட மாட்டேன் புள்ள. நெசத்தச் சொல்லு. காட்ல களை எடுக்கையில எங்கனாச்சும் பறிச்சி..."

"பறிச்சி? பச்சையா மேஞ்சேங்கறீங்களா? ஆடா நான்?"

"டாக்டர் சொல்றாரே."

"அப்ப அவரையே கட்டிக்கிட்டுக் குடும்பம் பண்ணுங்க."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. அன்றிலிருந்து அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். தண்ணீர் குடிக்க வந்த மாதிரி வருவார். மூடியைத் தூக்குவார். துவையல்தான் இருக்கும். திருப்தியாக மூடிவிட்டுப் போவார். அவரே இன்னும் ரெண்டு கட்டு மல்லி அறுத்துக்கொண்டு வந்து போடுவார். கேடு இருந்த இடத்தை இரண்டு பேரும் தினம் பார்த்தோம். எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய நீங்கள் கேட்கவில்லை.

கடைசிப் பாத்தி முற்றிப் பூ விட்டது. மிச்சத்தை மடக்கி உழுதுவிட்டு ராகி நாற்று நட்டோம். துவையல் நின்றது. பழையபடி புளிக்குழம்பு, கத்தரிக்காய், பருப்பு. மாத்திரை மட்டும் கூடின அளவிலேயே இருந்தது. நீங்கள் எழுதினதை நான் ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை. பொய்க்காரி என்ற பேரைத் துடைக்க வேண்டுமே.

முதலில் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் புதுசு என்று நினைத்தேன். அப்புறம் கட்டில் காலில் லேசாக இடித்த தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றிப்போனது. அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு மதியம் களி கிண்டிக்கொண்டிருந்தேன். மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுப்புச் சூடு என்று முந்தானையால் துடைத்தேன். நிற்கவில்லை. மூக்கைப் பிடித்தேன், தொண்டைக்குள் இறங்கியது. முந்தானை நனைந்தது, அப்புறம் துண்டு நனைந்தது. என் வீட்டுக்காரர் காட்டிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஆத்தா" என்றார். 108க்கு போன் போட்டது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் துணியைத் திணித்து அடைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண் ஒன்பதைத் தாண்டியிருந்தது. டூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். தலைமுடியைப் பேனாவால் குத்தி முடிந்திருந்தது. என்னால் பேச முடியாததால் என் வீட்டுக்காரரிடம் எல்லாம் கேட்டது. எண் இறங்கினது, மாத்திரை கூட்டினது எல்லாம் அவர் சொன்னார். திட்டு வாங்கியதைச் சொல்லவில்லை. மறுநாள் துணியை எடுத்த பிறகு அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

"அக்கா, முந்தாநாள் மதியம் என்ன சாப்பாடு?"

"களி."

"தொட்டுக்க?"

"புளிக்குழம்பு."

"சரி, எறங்கிக்கிட்டே வந்துச்சில்ல, அந்த மாசம் என்ன சாப்ட்டீங்க?"

"அப்பவும் களிதான் மேடம். நாங்க என்ன பிரியாணியா தின்னப்போறோம்?"

"தொட்டுக்க?"

"மல்லித் தொவையல்."

"கொத்தமல்லியா? எவ்ளோ?"

நான் கையைக் குவித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "அவ்ளோதானா? சட்டியோட வழிச்சுத் தின்னோம்ங்க மேடம். வெல போகாத வெள்ளாம" என்றார்.

"தெனமுமா?"

"காலைல, மத்தியானம், ராத்திரி."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு நிதானமாகச் சொன்னது. ரத்தம் உறைவதற்கு உடம்புக்கு ஒரு சத்து வேண்டுமாம். வைட்டமின் கே என்று பெயர். ஈரல் அதை வைத்துத்தான் ரத்தத்தை உறைய வைக்கிற பொருளைச் செய்கிறதாம். நான் போடுகிற மாத்திரை அந்த வேலையைத் தடுக்கிறது. பச்சை இலை எதுவானாலும் அந்தச் சத்து இருக்கும். கீரை, கொத்தமல்லி, புதினா, முருங்கை இலை, முட்டைகோஸ் கூட. ரசத்தில் நாலு தழை மிதப்பது ஒன்றும் செய்யாது. ரெண்டு மாதம் மூன்று வேளையும் கை நிறையத் தின்றால் மாத்திரை தோற்றுப்போகும்.

"மாத்திரை தோத்துச்சுன்னு அதக் கூட்டியிருக்காங்க. அப்புறம் மல்லி தீந்துபோச்சு. எதிர்க்க ஆள் இல்லாம மாத்திரை மட்டும் கயித்த இழுத்துருக்குது. அதான் இப்படி."

"அப்ப கீரை, மல்லி எல்லாத்தையும் விட்டுரணும்ங்களா மேடம்?"

"வேணாம்க்கா. அடியோட விட்டாலும் ஒரு நாள் கொஞ்சம் தின்னாக்கூட எண் ஆடும். கொஞ்சமா, எப்பவும் ஒரே அளவா சாப்பிடுங்க. கூட்டாதீங்க, திடீர்னு நிறுத்தவும் செய்யாதீங்க. அந்த அளவுக்கு ஏத்த மாதிரி நாங்க மாத்திரைய வெக்கறோம்."

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம், அப்ப இவ... இவ பொய் சொல்லலீங்களா?"

"பொய்யா? எதுக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு மூக்கு வலித்தது, பேசினால் ரத்தம் வந்துவிடுமோ என்று பயம். இருந்தாலும் சொன்னேன். "சத்தமாக் கேளுங்க மாமா. வார்டு பூரா கேக்கட்டும்."

என் ரத்தம் நிற்க எனக்கு அன்று என்ன கொடுத்தார்கள் தெரியுமா டாக்டர்? மாத்திரையை நிறுத்திவைத்து, அதே வைட்டமின் கேயைக் கொஞ்சமாக அளந்து கொடுத்தார்கள். அதிகம் கொடுத்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும் என்று பயந்து பயந்து கொடுத்தார்கள். எதை விஷம் என்று நீங்கள் எனக்குச் சொன்னீர்களோ அதுவே மருந்தாக வந்தது.

இப்போது என் வீட்டில் மறுபடியும் கீரை கடைகிறோம். எனக்கு ஒரு குழிக்கரண்டி. மழைக்காலத்தில் கொட்டிக் கிடந்தாலும் அதற்கு மேல் இல்லை. வெயில் காலத்தில் கிடைக்காவிட்டால் மல்லியோ புதினாவோ அந்த இடத்துக்கு வரும். முட்டி வலிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவதையும் விட்டுவிட்டேன். அதுவும் ரத்தக் கசிவைக் கூட்டும் என்று அந்தப் பெண் சொன்னது. டெஸ்ட்டில் எண் ஒழுங்காக நிற்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மாத்திரையைப் பார்க்கிறேன், அப்புறம் எதோடு விழுங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போட்டுக்கொண்டிருந்தாள். டீ அந்த இரும்பை உடம்பில் சேர விடாது என்று ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னேன். "அப்ப இத்தினி நாள் டீக்குத்தான் ரத்தம் ஊறுச்சா?" என்று கேட்டாள். இப்போது எலுமிச்சைத் தண்ணீரோடு போடுகிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உங்களிடம் வந்தேன். சண்டைக்கு வரவில்லை. என் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்தீர்கள். "ஆமா, மல்லியும் எலைதான? இதக்கூடவா ஒருத்தர் சொல்லணும்?" என்றீர்கள்.

"அன்னிக்குப் பொய்க்காரின்னு சொன்னீங்களே சார்."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? அடுத்த ஆளை வரச்சொல்லு."

அடுத்த ஆள் மொரப்பூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். அவருக்கும் வால்வு. நான் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்; அவர் உள்ளே போய்விட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். என் மாத்திரையேதான் அவர் கையிலும் இருந்தது.

"ஐயா, டாக்டர் சாப்பாடு பத்தி என்ன சொன்னாருங்க?"

"கீரையத் தொடக்கூடாதுன்னாரும்மா. அவ்ளோதான்."

"முட்டைகோஸு சாப்பிடுவீங்களா?"

"மருமவ வாரத்துல நாலு நாள் அதத்தான் பொரிக்கறா. வெல சல்லிசா கெடைக்குது. ஏம்மா, நீ இங்க நர்ஸா?"

"இல்லீங்கய்யா. நான் இந்த ஆஸ்பத்திரிப் பொய்க்காரி."

அவர் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நான் விடவில்லை. தள்ளிப் போன நாற்காலிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது. டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு களை எடுக்கிறவள் சொல்வதை யார் நம்புவார்கள்? அவர் மருமகள் இன்றைக்கும் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருக்கலாம். நாளைக்கு நீங்கள் அவரையும் பொய்க்காரர் என்பீர்கள், மாத்திரையைக் கூட்டுவீர்கள். முட்டைகோஸ் விலை ஏறினால் அவர் வீட்டில் அதை நிறுத்துவார்கள். அப்புறம் அவர் மூக்கிலும் ரத்தம் வரும். என்னைப் போல் அவருக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை.

என்னை நீங்கள் திட்டியதற்காக மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அடுத்த மாதம் இலவச இதய மருத்துவ முகாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் போட்டோ போட்டிருக்கிறது. மைக் வைப்பார்கள், சால்வை போடுவார்கள், நீங்கள் பேசுவீர்கள். நானும் வருகிறேன், என் வீட்டுக்காரரும் வருகிறார். மொரப்பூர்ப் பெரியவரையும் வரச்சொல்லியிருக்கிறேன். சால்வையைப் போட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் ஊர் முன்னால், அந்த மைக்கில் எனக்குப் பதில் சொல்லுங்கள். எண் இறங்கினது என்று தெரிந்த அன்று, என்னைப் பொய்க்காரி என்று சொல்வதற்கு முன்னால், நீ என்னம்மா சாப்பிட்ட என்று ஏன் கேட்கவில்லை?